அப்பாவின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆன்டெனா

இந்தத் துறையிலிருந்து காலையில் முதலில் கிளம்புவது எங்கள் படகுதான். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எதிரே தெரியும் தீவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் சாமான் ஏற்றிப் போகிறவர்களும் எங்கள் பலகையில் கால் வைத்துத்தான் அன்றைய நாளைத் தொடங்குவார்கள். இரண்டாவது படகும் அதே தீவுக்குத்தான் போகிறது. இரண்டாவதாகப் போய்ச் சேருவதில் திருப்தி அடைகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்வது?

அந்த இரண்டாவது படகு எங்கள் சம்பந்தியுடையது. அவர் மகளைத்தான் என் தம்பிக்குக் கட்டி வைத்தோம். ஒரே தொழில், ஒரே துறை, இரண்டு குடும்பமும் ஒட்டி நிற்கலாம் என்றார்கள். நின்றோம். அவர் படகின் டயர் எங்கள் படகின் பெயிண்டை உரசுகிற அளவுக்கு ஒட்டித்தான் நின்றோம்.

அப்பாவுக்குப் பிறகு படகு மூத்த மகளான என் பெயரில் இருக்கிறது. சுக்கான் தம்பி கையில். தம்பி என் பேச்சில்.

துறைமுக அலுவலகத்தில் புதிதாக ஒரு முறை கொண்டுவந்தார்கள். காலையில் ஒவ்வொரு படகையும் வயர்லெஸ்ஸில் பெயர் சொல்லி அழைப்பார்கள். பதில் சொல்கிற படகுதான் கிளம்பலாம். பதில் இல்லையென்றால் வரிசையில் கடைசி. எங்கள் பெயரைத்தான் முதலில் அழைத்தார்கள். எங்கள் வயர்லெஸ் பெட்டியிலிருந்து எண்ணெய் காய்கிற சத்தம்தான் வந்தது. நேரத்தை வைத்து யூகித்துத் தம்பி பதில் சொன்னான். அது அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில் சம்பந்தியின் குரல் தேன் தடவிக்கொண்டு வந்தது. பக்கத்துப் படகு என்பதால் அவர் குரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"ஆபீஸ், அவங்களுக்குக் கேக்காது. பாவம், பழைய குடும்பம். நான் சொல்லிடுறேன்."

துறை முழுவதும் திறந்து வைத்திருக்கிற சேனலில் இதைச் சொன்னார். அன்று நாங்கள் கடைசியாகப் போனோம். மறுநாளும் அதே கதை. தீவிலிருந்து திரும்பக் கிளம்பும்போது மட்டும் பெட்டி ஒழுங்காகப் பேசியது. இன்னொரு காலை தவறினால் முதல் புறப்பாடு நிரந்தரமாக அடுத்த படகுக்குப் போய்விடும் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த படகு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் பேட்டரியைப் பார்த்தோம். நன்றாக இருந்தது. இரைச்சலை அடக்குகிற குமிழைத் தம்பி கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தான். அப்படித் திருகினால் இரைச்சலோடு மெல்லிய குரல்களும் அடங்கிவிடும் என்று தெரிந்தது. அந்தக் கரகரப்பு பயணிகளுக்கு மரியாதையாக இல்லை என்று சொன்னது நான்தான். நான் சொன்னதில் தவறில்லை. அதற்காகக் குமிழின் கழுத்தையா நெரிப்பது? அதைத் தளர்த்தினோம். இரைச்சல் திரும்பி வந்தது, குரல் வரவில்லை. கேபினில் தம்பி மாட்டியிருந்த மலிவு போன் சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் பாதியானது. ஆன்டெனா கேபிள் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போட்டோம். அலுவலகத்தின் குரல், கிணற்றுக்குள் விழுந்தவர் உதவி கேட்பது போல, லேசாகக் கேட்கத் தொடங்கியது. நாங்கள் பேசியது அவர்களுக்குக் கேட்கவில்லை.

வயர்லெஸ் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைக் கரகர என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனார், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். கடையில் அது கிளி மாதிரிப் பேசியதாம். படகுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது. உங்கள் படகுக்குத்தான் ஏதோ வாய்க் கோளாறு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவருக்குக் காபி கொடுக்க வேண்டாம் என்று உள்ளே சொல்லி அனுப்பினேன்.

அப்போதுதான் தம்பியின் மனைவி வாயைத் திறந்தாள். அவள் அப்பன் படகிலேயே வளர்ந்தவள். திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிற பழக்கம் உண்டு. எத்தனை தரம் சொல்லியும் விடவில்லை. பெட்டி நன்றாக இருக்கிறது, ஆகவே ஆன்டெனாவைத்தான் சந்தேகப்பட வேண்டும், நல்ல ஆன்டெனா ஒன்றில் பெட்டியை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். பக்கத்திலேயே நல்ல ஆன்டெனா இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

நம் வீட்டுப் பெட்டி சம்பந்தி படகில் ஏறாது என்றேன். அப்படியானால் அவர் கேபிள் இங்கே வரட்டும் என்றாள். அதுவும் வராது என்றேன்.

"அண்ணி, நான் அந்தப் பக்கத்துலேருந்துதானே வந்தேன். பெட்டி என் கையில இருந்தா ரெண்டு பக்கமும் நம்ம வீடுதான்."

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியைத் தாண்டி அவள் அப்பன் படகில் இறங்கிவிட்டாள். சம்பந்தி சாப்பிடப் போயிருந்தார். அவர் ஆன்டெனாவில் மாட்டியதும் அலுவலகக் குரல் என் காதுக்குள் உட்கார்ந்து பேசியது. அவர்களும் தெளிவாகக் கேட்கிறது, எந்தப் படகு என்று கேட்டார்கள். பெயரைச் சொல்லாதே என்று நான் கையைக் காட்டினேன். அடுத்தவர் ஆன்டெனா வழியாக எங்கள் பெயர் போக வேண்டிய அவசியமில்லை.

அதற்குள் சம்பந்தி பல் குத்திக்கொண்டே திரும்பி வந்துவிட்டார். மகளையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா, பொண்ணை மட்டும் குடுத்தாப் போதும்னு நெனச்சேன். ஆன்டெனாவும் கேப்பீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா சேத்தே அனுப்பியிருப்பேனே."

நாங்கள் கேட்டு வாங்குகிற குடும்பமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பின்னால் தம்பி இருமினான். அது சிரிப்பு. என் தம்பியின் இருமல் எனக்குத் தெரியும்.

தம்பியின் மனைவி எங்கள் கேபின் கூரையில் ஏறினாள். அங்கே அப்பாவின் பெயர்ப்பலகை இருக்கிறது. பழைய மரப்பலகை உளுத்துப்போனதால் இந்தப் பருவம் ஆரம்பிக்கும் முன் புதிதாகச் செய்து வைத்தேன். எஃகுத் தகடு, கதவு அகலம், தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய எழுத்து. அதை நிறுத்தியபோது ஆன்டெனா பலகைக்கு மேலே குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா பெயருக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது என்று சொல்லி, அதைப் பலகைக்குப் பின்னால் கீழே இறக்கிக் கட்டச் செய்தேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். படகின் முகம் பார்க்கிற திசையில் இருந்த அலுவலகத்தைப் பார்த்தாள். பலகைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆன்டெனாவைப் பார்த்தாள். தீவிலிருந்து கிளம்பும்போது மட்டும் எப்படி நன்றாகக் கேட்டது என்று தம்பியிடம் கேட்டாள். அங்கே கட்டும்போது படகின் பின்புறம் இந்தக் கரையைப் பார்த்திருக்கும் என்றான் தம்பி. சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. என் பக்கம் பார்க்காமல் கயிறு சுற்றப் போனான்.

என் அப்பாவின் பெயர் குறுக்கே நிற்கிறது என்கிறாயா என்று கேட்டேன்.

"மாமா குறுக்க நிக்கல, அண்ணி. தகரம் நிக்குது."

தகரம் அல்ல, எஃகு என்றேன். எஃகாக இருந்தால் இன்னும் மோசம் என்றாள். ஆன்டெனா உயரத்தில், நாலு பக்கமும் திறந்து நிற்க வேண்டும், அதன் முன்னால் உலோகச் சுவர் இருக்கக் கூடாது என்றாள். பலகையைக் கழற்றலாமா என்று தம்பி கேட்டான். நான் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை அவனே திரும்ப எடுத்துக்கொண்டான். பிறகு, படகைத் திருப்பிக் கட்டலாமே என்றான். முதல் புறப்பாடு உள்ள படகு அலுவலகத்துக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்காது. அதையும் சொன்னேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விடிந்தால் அழைப்பு. ஒரு பக்கம் அப்பாவின் பெயர், இன்னொரு பக்கம் அப்பா வாங்கிக் கொடுத்த முதல் இடம். இரண்டும் அவருடையவைதான். எதை விட்டாலும் அவரைத்தான் விடுகிறேன்.

ஆன்டெனாவைக் கழற்றிக் கீழே கொண்டுவரச் சொன்னேன். வெள்ளை நிறத்தில், ஆள் உயரத்துக்கு இருந்தது. அதில் பெயிண்ட் அடித்தால் கெட்டுப்போகுமா என்று தம்பியின் மனைவியைக் கேட்டேன். அலுமினியப் பொடி கலந்த பெயிண்டாக இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்றாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் கெட்டிக்காரி. கறுப்புப் பெயிண்டும் சின்ன பிரஷும் கொண்டுவந்தாள். நான் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் அப்பாவின் பெயரை உச்சியிலிருந்து கீழே வரைக்கும் எழுத்து எழுத்தாக எழுதினாள். முதலெழுத்து உச்சியில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அப்படியே செய்தாள். காய்ந்ததும், பலகையின் ஓரத்தில் அதைவிட உயரமாக ஒரு கழி நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவை நிறுத்தினோம். இப்போது அப்பா பெயருக்கு மேல் அப்பா பெயர்தான் நிற்கிறது. அதில் யாருக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

காலையில் அலுவலகம் அழைத்தது. முதல் பெயர் எங்களுடையது. ஒரு பிசிறில்லாமல் கேட்டது. தம்பி பதில் சொன்னான். தெளிவாகக் கேட்கிறது என்று அலுவலகம் சொன்னது. தம்பியின் மனைவி நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டாள்.

சம்பந்தியால் அதை அப்படியே விட முடியவில்லை. தலையை நிமிர்த்தி எங்கள் கூரையைப் படித்திருக்கிறார் போலும். சேனலில் வந்தார்.

"சம்பந்தியம்மா, அப்பாவை உச்சியில ஏத்திட்டீங்க. நல்லா இருக்கு. ஆனா மழைக்காலத்துல இடி விழுந்தா மொதல்ல அவர் மேலதான் விழும், பாத்துக்கங்க."

தம்பியின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். முன்பெல்லாம் நான் என்ன சொன்னாலும் அது கேபினைத் தாண்டியதில்லை. இன்று துறை முழுக்கப் போகும் என்று எனக்குத் தெரியும். பொத்தானை நன்றாக அழுத்தினேன்.

"அவர் இருந்த காலத்துலயே இடிக்கு அந்தத் தைரியம் வரல, சம்பந்தி. நீங்க உங்க வரிசைக்குக் காத்திருங்க."

எங்கெங்கோ நின்ற படகுகளிலிருந்து பலர் சேர்ந்தாற்போல், கை தட்டுவதற்குப் பதிலாக மைக்கைத் தட்டினார்கள். இது பொதுச் சேனல், குடும்ப விஷயத்தைக் கரையில் பேசிக்கொள்ளுங்கள் என்றது அலுவலகம். ஆனால் சொன்னவரின் குரலும் நேராக இல்லை. தம்பியின் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவள் அப்பன் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கா, அவர் அடித்த ஜோக்குக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

முதல் படகு கிளம்பலாம் என்று அறிவிப்பு வந்தது. தம்பி கயிற்றை அவிழ்த்துவிட்டு வழக்கம்போல் வேகத்தைக் கூட்டப் போனான்.

மெதுவாகவே போ, பின்னால் வருகிறவர்கள் நின்று படிக்கட்டும் என்றேன்.