ஒரே சீரான வெளிச்சம்

இழுத்தால் நீளும், நீண்டாலும் அணையாத ரப்பர்ப் படலம் செய்வதுதான் அக்காவின் வேலை. ரப்பரில் ஒளிரும் பொடியைக் கலந்து மெல்லிசாக வார்ப்பாள். மின்சாரம் கொடுத்தால் வெளிர்நீலமாக எரியும். இழுபடும் இடம் மெலிந்து, அங்கே மட்டும் வெளிச்சம் கூடும்.

தங்கைக்கு எட்டாம் மாதம். "என் வயித்துல ஒட்டிப் பாரேன்க்கா, வாலு உதைக்கிறது தெரியுதான்னு பாக்கலாம்" என்று நச்சரித்தாள். ஆய்வுக்கூடத்தில் அனுமதி வாங்கி, தோலில் மின்சாரம் படாதபடி உறையிட்டு, அக்கா ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். சன்னல் திரையை மூடினார்கள். சற்று நேரத்தில் நீலத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று எழுந்து, நகர்ந்து, மறைந்தது.

"அப்பனை மாதிரியே. ஒரு இடத்துல உக்காராது" என்றாள் தங்கை. லாரி ஓட்டும் அவள் கணவன் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். படலம் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. வண்டியை விட்டு வந்ததும் அவன் முதலில் மூடுவது அந்தத் திரையைத்தான்.

ஒரு மத்தியானம் தங்கை போன் செய்தாள். "காலையிலேர்ந்து லைட்டு ஒரே மாதிரி எரியுதுக்கா. ரிப்பேர் போல."

அக்கா ஓடிவந்தாள். கம்பி முனைகளைத் துடைத்தாள். பேட்டரியை மாற்றினாள். படலத்தின் மூலையை விரலால் இழுத்தாள். அங்கே வெளிச்சம் உடனே கூடியது. தான் செய்த பொருள் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"என்னாச்சு?"

"கம்பி லூசா இருக்கு. அதை அப்புறம் பாத்துக்கலாம். நீ செருப்பை மாட்டு. டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்."

டாக்டர் வயிற்றின்மேல் கருவியை வெகுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். துடிப்பு இல்லை.

மறுநாள் பிறந்தது பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகளில் அப்பன் அதை வாங்கிக்கொண்டான். நர்ஸ் கேட்டும் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

வீடு திரும்பிய சில நாளில் தங்கைக்குப் பால் கட்டியது. குடிக்க ஆளில்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. அக்கா லீவு போட்டு வந்து, ஈரத்துணி பிழிந்து மாரில் போட்டாள்.

"கம்பி லூசுன்னியேக்கா" என்றாள் தங்கை, சுவரைப் பார்த்தபடி.

"ம்."

"பொய்னு தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நம்பிக்கிட்டே வந்தேன்."

தங்கையின் சட்டை நனைந்திருந்தது. "வேற சட்டை எடுத்துட்டு வர்றேன்" என்று அக்கா எழுந்தாள். தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்து, "இப்ப வேணாம், உக்காரு" என்றாள்.