காகம் தொடாத பாற்பருப்பு

முருகேசுவுக்குப் பருப்பு என்றால் தேங்காய்ப்பால் விட்ட பருப்புத்தான். மற்றதெல்லாம் மஞ்சள் தண்ணீர். அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்து, மகளைப் படிப்பித்து, கனடாவுக்கு அனுப்பிவைத்த மனிதர். கடைசிக் காலத்தில் இந்த உலகத்திடம் அவர் கேட்டது, மத்தியானச் சோற்றுக்கு முதல்பால் விட்ட ஒரு அகப்பைப் பருப்பை மட்டுந்தான். அதற்கும் வந்தது கேடு.

கேடு பெட்டியில் வந்தது. அவருக்குக் கொலஸ்ரோல் கூடிவிட்டது என்ற செய்தி ரொறன்ரோவுக்குப் பறக்க, மகள் சாருஜா ஒரு பிரஷர் குக்கரை அனுப்பிவிட்டாள். கூடவே தொலைபேசியில் முகத்தைக் காட்டித் தாய்க்குச் செய்முறையும் சொன்னாள். பருப்பை ஊறவிட வேண்டும். மஞ்சள், உள்ளி, தக்காளி, ஒரு பிடி முருங்கையிலை போட்டுக் குக்கரில் அவிக்க வேண்டும். தாளிதம் இல்லை, எண்ணெய் இல்லை. தேங்காய்ப்பாலை அப்பா மணந்தும் பார்க்கக் கூடாது.

"அம்மா, அப்பா கெஞ்சுவார். மனம் இளகிப் போகாதேங்கோ," என்றாள்.

முருகேசு கெஞ்சினார். கோபித்தார். சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். பின்னேரம் பசி தாங்காமல் தானே போய்ச் சட்டியைத் திறந்தார். மனைவி குணலட்சுமி இளகுவதாகத் தெரியவில்லை. குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அது தன்னைப் பார்த்துத்தான் நக்கலாகச் சீட்டியடிக்கிறது என்று அவருக்கு வயிறு எரிந்தது.

குணலட்சுமியை அசைக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு: முருகேசுவின் தாய். அவ செத்துக் கனகாலம். ஆனால் கிணற்றடி மதிலுக்கு ஒரு நொண்டிக் காகம் வந்து போகும். மாமிதான் காகமாக வந்து தன் சமையலை வேவு பார்க்கிறா என்று குணலட்சுமி முழுமனதாக நம்பினாள். உயிரோடிருந்த காலத்தில் மாமி ஒரு கறியையும் குறை சொல்லாமல் விழுங்கியதில்லை. அந்தக் காகம் தலையைச் சரித்துப் பார்த்தாலே குணலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வாள்.

புரட்டாதிச் சனி வந்தது. சனீஸ்வரனுக்கு விரதம். சமைப்பவள் வாயில் வைத்து உப்புப் பார்க்கவும் கூடாது. முதலில் காகத்துக்குப் படைத்து, அது கொத்திய பிறகுதான் மனிதர் இலையில் குந்தலாம். காகம் கொத்தாவிட்டால் சமையலில் ஏதோ குற்றம் என்று அர்த்தம். முருகேசுவின் மூளை வேலை செய்தது அங்கேதான். மாமியே குக்கர்ப் பருப்பை வேண்டாம் என்றால் குணலட்சுமி என்ன, ரொறன்ரோவே அடங்கிவிடும்.

கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் சைக்கிளை எடுத்தார். எரிக்கவும் செய்தார், பொய் சொல்லவில்லை. வரும் வழியில் சந்திக் கடையில் பை நிறையப் பருப்பு வடை வாங்கினார்.

"இண்டைக்கு விரதமெல்லே அண்ணை?" என்று கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்த்தான்.

"எனக்கில்லையடாப்பா. சொந்தக்காரருக்கு."

அதுவும் பொய்யில்லை. தோட்டத்து வரம்பில் நின்று வடையைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். அயலிலுள்ள காகமெல்லாம் திரண்டன. நொண்டிக் காகத்துக்கு மட்டும் தனி உபசாரம். "வடிவாச் சாப்பிடணை அம்மா. மத்தியானம் வந்து மூஞ்சையைத் திருப்பினாக் காணும், வேறையொண்டும் வேண்டாம்," என்று காதோடு காதாகச் சொன்னார். தான் ஒரு துண்டையும் வாயில் வைக்கவில்லை. விரத விஷயத்தில் அவர் வலு ஒழுங்கு.

வீட்டுக்கு வந்தபோது சாம்பிராணிப் புகை மண்டிக் கிடந்தது. அடுப்படி மணம் ஒன்றும் மூக்குக்கு எட்டவில்லை. குணலட்சுமி இலையில் படைத்து, மேலே அப்பளத்தைக் கவிழ்த்து, மதிலில் வைத்துக் "கா... கா..." என்று கூப்பிட்டாள். நொண்டிக் காகம் வந்தது. இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. மதிலில் அலகைத் தீட்டிவிட்டுப் பறந்துபோனது.

குணலட்சுமியின் முகம் செத்துப்போயிற்று. "மாமி ஒருநாளும் இப்பிடிச் செய்யிறேல்லையேப்பா."

"பருப்பிலைதான் பிழை," என்றார் முருகேசு, சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு.

"பருப்பிலையோ?"

"வேறை எதிலை? மற்றக் கறியெல்லாம் அவவுக்குப் பழகின கறி. உந்தப் பருப்பு அம்மாவுக்குப் பிடிக்கேல்லை. சத்தியமாச் சொல்லுறன்."

குணலட்சுமி தலையில் கைவைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"நீங்கள் சொல்லுறது சரி. பிழை என்னிலைதான். கிழமை முழுக்க மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிஞ்சியள், பாக்கப் பாவமாக் கிடந்துது. விரத நாள்தானே எண்டு நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் தேங்காயைத் திருவி, முதல்பால் விட்டு, செத்தல் மிளகாயும் தாளிச்சுக் கொட்டினன். மாமி ஏற்கேல்லை. பிள்ளையின்ரை நெஞ்சிலை அவவுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கோ!"

முருகேசு அப்பளத்தை விலக்கிப் பார்த்தார். கெட்டியாக, வெண்மஞ்சளாக, செத்தல் மிளகாய் மினுங்க, அவர் கனவில் கண்ட அதே பருப்பு. நெஞ்சு உண்மையாகவே வலித்தது.

"பருப்பாய் இராதப்பா. சோறு குழைஞ்சு போச்சோ தெரியேல்லை..."

"நீங்கள்தானே சத்தியம் பண்ணினியள்?"

வடைக் கதையைச் சொல்லலாம். சொன்னால் விளக்கு வைப்பதற்குள் அது ரொறன்ரோவுக்குப் போய்விடும். பிறகு மகளின் முகத்தை அந்தச் சின்னத் திரையிலும் பார்க்க முடியாது.

குணலட்சுமி சுறுக்காகக் குக்கரை ஏற்றினாள். விசில் அடித்தது. புது இலையில் பாலில்லாப் பருப்பு மதிலுக்குப் போனது. அதற்குள் வடை செமித்துவிட்டதோ, தாய்க்காரிக்கு மகனோடு ஒரு விளையாட்டோ, நொண்டிக் காகம் வந்து குந்தி இலையை வழித்துத் துடைத்தது.

"பாத்தியளே!" குணலட்சுமி காகத்தைக் கும்பிட்டாள். "இனி இந்த வீட்டிலை தேங்காய்ப்பால் எண்ட கதையே இல்லை. தீபாவளிக்கும் இல்லை, வருசப்பிறப்புக்கும் இல்லை."

முருகேசு மஞ்சள் தண்ணீரோடு சோற்றை விழுங்கிக் கை கழுவினார். குணலட்சுமி ஒரு தூக்குச்சட்டியை நீட்டினாள். "பாற்பருப்பை ஏன் வீணாக்குவான்? ஒழுங்கை முடிவிலை லூர்த்தம்மா வீட்டிலை குடுத்திட்டு வாங்கோ. அவவின்ரை பெடியளுக்குக் கொலஸ்ரோல் இல்லை."

மதில்களுக்கிடையில் ஓடும் அந்த ஒழுங்கையில் பாதித் தூரம் போனதும் அவருடைய கால் தானாக நின்றது. இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவருமில்லை. ஒரு வாய் உறிஞ்சலாமென்று மூடியில் கொஞ்சம் பருப்பை வார்த்துப் பக்கத்து மதிலில் வைத்துவிட்டுச் சட்டியைக் கைமாற்றினார். அந்த இடைக்குள் நொண்டிக் காகம் வந்து குந்தி, மூடிக்குள் அலகை விட்டது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. மறுபடி விட்டது. ருசித்து, ஆறுதலாகச் சாப்பிட்டது.

"இஞ்சேரும்! ஓடி வாரும்! அம்மா பாற்பருப்புச் சாப்பிடுறா!" ஒழுங்கை அதிரக் கத்தினார் முருகேசு.

காகம் வெருண்டு பறந்தது. மூடி உருண்டு மண்ணில் குப்புற விழுந்தது. குணலட்சுமி வாசல் படலைக்கு ஓடிவந்தபோது மதிலில் ஒன்றும் இல்லை. கையைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நின்ற புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனப்பா உப்பிடிக் கத்திறியள்? முகமெல்லாம் சிவந்துபோச்சு. பிறசர் ஏறீட்டுது போலை," என்றாள் கவலையோடு. "வாங்கோ உள்ளுக்கு. நாளையிலையிருந்து பருப்புக்கு உப்பையும் நிப்பாட்டுவம்."