ஒன்பதாவது துளை

அந்தக் குன்றில் தங்கம் இருக்கிறது என்று அவளைத் தவிர யாரும் நம்பவில்லை. நூறு வருடத்துக்கு முன் வந்தவர்கள் மேலாகக் கிடைத்த வெள்ளியைச் சுரண்டிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த நிறுவனம் எட்டுத் துளைகள் போட்டுக் கையை விரித்துவிட்டது. நிலவியல் படித்த அவள், அந்தத் துளைகளிலிருந்து எடுத்துக் கொட்டகையில் போட்டிருந்த பழைய பாறைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிப் பார்த்தாள். பாறைக்குள் ஓடும், தங்கம் தங்கக்கூடிய வெள்ளைக்கல் நரம்பு ஒரு பிளவில் அறுந்து கிழக்கே நகர்ந்திருக்கிறது. எட்டுத் துளையும் மேற்கே! ஆறு வருடம் இதையே சொல்லிச் சொல்லி, நிறுவனத்தை வாங்கிய புது முதலாளியிடம் ஒன்பதாவது துளைக்குச் சம்மதம் வாங்கினாள்.

“இதோட சரி” என்றார் அவர்.

துளைபோடும் இயந்திரத்தை ஓட்டியது அவள் தம்பி. இருநூற்றுப் பத்தாவது மீட்டரில் நரம்பு வந்தது.

“சொன்ன எடத்துல வந்து நிக்குதுக்கா!” என்று கத்தினான். அவள் குழாயில் வந்த அந்த ஈரக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பத்து நாளில் ஆய்வுக்கூட முடிவு வந்தது. வெள்ளி கொஞ்சம். தங்கம் பேருக்குக்கூட இல்லை.

ஆய்வுக்கூடத்தார் தவறு செய்திருப்பார்கள் என்று சாதித்து, மறுசோதனைக்கு அனுமதி வாங்கினாள். எடுத்துவைத்திருந்த மீதிக் கல்லில் பாதியை இடித்துத் தூளாக்கினாள். அன்று மதியம் கற்களைச் சோதிக்கும் அறைக்குள் தம்பி நுழைந்தபோது, அவள் தன் தங்க வளையலை அரத்தால் அந்தத் தூளின் மேல் ராவிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா பண்றே?”

“ஒரு சிட்டிகை போதும்டா. இன்னொரு துளைக்கு ஒத்துக்குவாங்க. அம்பது மீட்டர் கீழ போனா கண்டிப்பா…”

“அங்கயும் இல்லேன்னா? அப்புறம் எதை ராவுவே?”

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். “நரம்பு இருந்துச்சேடா. நான் சொன்ன எடத்துலயே இருந்துச்சே.”

“இருந்துச்சு. நீ சொன்னது தப்பில்ல. தங்கம்தான் இல்ல.”

அவள் தூளை அள்ளிக் குப்பையில் கொட்டினாள். உரலைத் துடைத்து, மிச்சமிருந்த கல்லை இடித்தாள். அவன் முன்னாலேயே பையில் கட்டி அனுப்பினாள்.

முடிவு மாறவில்லை. முதலாளி தொலைபேசியில் இரண்டே வார்த்தை சொன்னார்: “மூட்டையைக் கட்டுங்க.”

அறிக்கையின் கடைசி வரியை எழுத அவளுக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது: ‘நரம்பு கிழக்கே நகர்ந்தது உறுதி, அதில் தங்கம் இல்லை.’ வெளியே தம்பி இரும்புக் குழாய்களைக் கழற்றி வண்டியில் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தான். அவள் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.