ஆறு மாத அடைப்பு

இவ்வளவு இறுக்க வேண்டாமே, வலிக்குமே என்று நினைத்தாள் வெங்கடேஸ்வரி. அவள் கணவனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து, அவனுடைய அக்கா நாச்சியார் வேட்டிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஹரிகிருஷ்ணன், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டிருந்தான்.

நாச்சியாரின் புருஷன் குருசாமி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சோசியர்ட்ட கேட்டாச்சு. அவிட்டமாம். ஆறு மாசம் அடைப்பு."

நாச்சியார் முடிச்சை விட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "இந்த ரூமத் தொடாதலேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா எந்தம்பி? தொணைக்கு ஆள் வேணும்னு அத்தை கூப்பிட்டுக்கிட்டா."

அடைப்பு நட்சத்திரத்தில் செத்தவர் வாசல் வழியே போனால், போன வழியே திரும்பி வருவார் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு பயம். சுவரை உடைத்து வெளியேற்றி, உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்க்கரையில் இருந்த அந்தப் பழைய வீட்டில் இதே அறையை முன்பு ஒரு முறை அப்படிப் பூட்டியிருந்தார்கள். ஹரிகிருஷ்ணனின் அத்தை மாரியாத்தாள் கல்யாணமாகாமலே இங்கேதான் செத்துப்போனாள். ஆறு மாதம் முடிந்தும் பூட்டைத் திறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. திறக்காமலே ஒரு தலைமுறை போயிற்று.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஹரிகிருஷ்ணன்தான் திறந்தான். மகனுக்குப் பெண் பேசியாயிற்று. வருகிறவளுக்குப் பாத்ரூமோடு ஓர் அறை வேண்டாமா? முன்னறையை இடித்துக் கட்டி அவர்களுக்கு ஒதுக்கினான். பூட்டிக் கிடந்ததைத் தனக்கும் வெங்கடேஸ்வரிக்கும் எடுத்துக்கொண்டான். கண்மாய்ப் பக்கச் சுவரில் பெரிய சன்னல் வைத்தான். எல்லாம் நன்றாகத்தான் அமைந்தது, மேற்குச் சுவரைத் தவிர. ஓர் ஆள் முதுகைச் சாய்த்து உட்காரும் உயரத்துக்கு அங்கே ஈரம் பூத்தது. சுரண்டிப் பூசினார்கள். கெமிக்கல் அடித்தார்கள். பெயிண்ட் காய்ந்ததும் அதே இடத்தில், அதே உயரத்தில் மறுபடி வந்தது.

"அத்தைக்கு ஒக்கார வேற எடம் கெடைக்கல போல" என்று அவன் சிரிப்பான். வெங்கடேஸ்வரி சிரித்ததில்லை. இரவில் விழிப்பு வந்தால் அந்தப் பக்கம் திரும்பாமல் அவன் முதுகோடு ஒட்டிக்கொள்வாள்.

இன்று அவன் உட்கார்ந்ததும் அந்தச் சுவரோரம்தான்.

மகன் சூர்யபிரகாஷ் பெங்களூரிலிருந்து வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. சன்னல் வைத்த கொத்தனார் கண்ணுச்சாமியையே வரச்சொல்லியிருந்தார்கள். உடைக்க வேண்டியதும் அந்தச் சன்னல் பக்கம்தான். அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குக் கிரில் எடுக்க இவுக எம்புட்டுக் கடை ஏறி எறங்குனாக தெரியுமா?"

"தெரியும்யா. நீரு ஒடையும். வெயில் சாயுது" என்றார் குருசாமி.

முதல் அடியில் புதுப்பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. ஆண்கள் ஹரிகிருஷ்ணனைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே இறக்கினார்கள். அவன் போன பின் கண்மாய்க் காற்று உள்ளே நுழைந்து, ஊதுபத்திப் புகையை ஒரே வீச்சில் துடைத்துவிட்டது.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்து முடித்தபோது, கண்ணுச்சாமி ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார். அந்திக் கருக்கலில் அறை குகைபோல் இருந்தது. நாச்சியார் புதுப் பூட்டோடு வந்தாள்.

"ஏட்டி, ஒன் துணிமணிய எடுத்துக்கிட்டு வா. ராஜபாளையத்துல எங்கூட இரி. ஆறு மாசம்தான."

"பொறவு யாரு தெறப்பா மதினி?"

நாச்சியார் பூட்டைக் கை மாற்றிப் பிடித்தாள். "தெறந்து கெடந்தா அவன் வருவான்டி." அவள் குரல் இறங்கியது. "புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கு. ஒனக்குப் பயமாயில்ல?"

பயமாகத்தான் இருந்தது. வெங்கடேஸ்வரி அலமாரி மேலிருந்த பாயை இறக்கி உதறினாள்.

"நீங்க போயி முன்னறையில செத்த நேரம் படுங்க மதினி. கதவு அப்படியே இருக்கட்டும்."

பாய் இரண்டு பேருக்கானது. முழுதாக விரித்துவிட்டு, அதன் ஓர் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.