பதில் சொன்ன சர்வர்

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் ஒரே வீட்டு மருமகள்கள் இருவர் வேலை பார்த்தார்கள். மூத்தவள் படம் வரைபவள். இளையவள் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். அண்ணனும் தம்பியும் தனிக்குடித்தனம் போனதிலிருந்து ஓரகத்திகளுக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை. மூத்தவளுக்கு எது வேண்டுமானாலும் மேலாளரிடம்தான் சொல்வாள். அவர் வந்து இளையவளிடம் சொல்வார்.

அன்று காலை இளையவள் பெரிய சர்வருக்குள் மென்பொருளாலேயே இயங்கும் சில விர்ச்சுவல் கணினிகளை உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து இயங்குதளத்தை நிறுவினால் வாரம் ஓடிவிடும் என்று, நெட்வொர்க் வழியாகத் தானாகவே நிறுவிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருந்தாள். காலி டிஸ்க்கோடு கண்விழிக்கும் கணினி, நெட்வொர்க்கில் யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுக்கும். அவளுடைய நிறுவல் சர்வர் பதில் சொல்லி, வேண்டிய கோப்புகளைக் கொடுக்கும். டிஸ்க்கில் இருப்பதை அழிக்கலாமா என்ற கேள்விக்கும் ‘அழி’ என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள்.

முதல் கணினி மளமளவென்று எழுந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

அப்போதுதான் வரைபட அறையிலிருந்து சத்தம் வந்தது. "ஐயய்யோ, இது என்ன தானா ஏதோ ஓடுது!"

இளையவளுக்கு உடனே புரிந்துவிட்டது. விர்ச்சுவல் கணினிகளுக்கென்று தனி நெட்வொர்க் ஒதுக்காமல் அலுவலக நெட்வொர்க்கிலேயே கோத்துவிட்டிருந்தாள். மூத்தவளின் கணினியோ, போட்டதும் முதலில் நெட்வொர்க்கைத் தேடும் ரகம். அது கொடுத்த குரலுக்கும் சர்வர் பதில் சொல்லிவிட்டது. ஓடிப்போய் அதன் மின்வயரைப் பிடுங்கினாள்.

"கரண்ட் கோளாறா?" என்று கேட்டுக்கொண்டே மேலாளர் வந்தார்.

தலையாட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். "இல்ல சார், என் தப்பு. என் சர்வர்தான் இவங்க டிஸ்க்க அழிக்க ஆரம்பிச்சிருச்சு."

மூத்தவள் மேலாளரிடம் திரும்பினாள். "ஆஸ்பத்திரிப் படமெல்லாம் இதுலதான் இருக்கு. சாயங்காலம் கொடுக்கணும்."

"பொது சர்வர்ல ஒரு காப்பி போடலையாக்கா?"

"அது நீ வச்ச சர்வர். அதுல நான் ஏன் போடணும்னு இருந்துட்டேன்."

அதற்கு மேல் யார் யாரைத் திட்டுவது? இளையவள் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டி, மீட்கும் மென்பொருளை ஓடவிட்டாள். நல்லவேளை, அழிந்தது தொடக்கம் மட்டும்தான். கோப்புகள் பெயரில்லாமல் வந்து விழுந்தன. எது எதுவென்று மூத்தவளுக்குத்தான் தெரியும். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள்.

"இது மாடிப்படி. இது பழசு, தள்ளு. இதையும் தள்ளு."

கீழ்த்தளத்தின் படம் மட்டும் கிடைக்கவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த அச்சுப் பிரதியைப் பார்த்து இளையவள் அளவுகளைப் படிக்க, மூத்தவள் புதிதாக வரைந்தாள்.

"வாய விட்டுப் படி. எனக்குக் கேக்க வேணாமா?"

படங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. மேலாளர் இருவரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மறுநாள் இளையவள் விர்ச்சுவல் கணினிகளைத் தனி நெட்வொர்க்குக்கு மாற்றினாள். முன்பின் தெரியாத கணினி குரல் கொடுத்தால் பதிலே சொல்லக்கூடாது என்று சர்வருக்கும் எழுதிவைத்தாள். மூத்தவள் வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப என் கம்ப்யூட்டரப் போடலாமா?"

"தாராளமா போடுங்கக்கா."

"நீயும் வந்து பக்கத்துல நில்லு."

இளையவள் எழுந்து போனாள்.