கீழ் லயத்துப் புள்ளி

"அந்தச் செவப்ப எடுத்துடு."

மாமனார் மாடசாமி குசினி வாசலில் நின்றபடி சொன்னார். சர்மிளா நீட்டிய தேநீரை அவர் வாங்கவில்லை.

"எந்தச் செவப்பு மாமா?"

"தெரியாத மாதிரி கேக்காத. பள்ளிக்கூடத்து அதிபர் நீ செஞ்ச தேசப்படத்த போன்ல காட்டிட்டாரு. மேல மூணு லயமும் நீலமாம், கீழ் லயம் மட்டும் செவப்பாம். கல்வி வலயத்துக்காரங்க முன்னாடி தோட்டத்து மானத்த வாங்கத்தான் உன்னைய ட்ரெயினிங்குக்கு அனுப்புனாங்களா?"

பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. மாடசாமி கோவில் சபைத் தலைவர். சர்மிளா படிப்பிக்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் அவரே. அவரோடு வாய் கொடுத்து அந்தத் தோட்டத்தில் யாரும் மீண்டதில்லை.

"பிள்ளைங்க அளந்ததத்தான் போட்டிருக்கு மாமா. நானா ஒண்ணும் சேக்கல."

"சேக்கவும் வேணாம், வெளக்கவும் வேணாம். எடுத்துடு."

அவர் போய்விட்டார். சர்மிளாவுக்குக் கோபத்தில் சேலை மடிப்புக்கூடச் சரியாக வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மாத்தளை நகரத்தில் புவியியல் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. கைபேசியையும் கணினியையும் வைத்து வகுப்பிலேயே தேசப்படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. வந்த ஆசிரியர்கள் இருபத்தாறு பேர், கணினி ஒன்பது. அதிலும் இரண்டு முதல் நாளே உயிரை விட்டன. திரையில் சிங்களம், மென்பொருளில் ஆங்கிலம், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தமிழ் வாத்தியார்கள். மத்தியானச் சோற்றுப் பொட்டலம் வந்ததும் பாதிப் பேர் கையெழுத்தைப் போட்டுவிட்டு பஸ் பிடித்தார்கள். பயிற்றுநர் ஹஸீப் மட்டும் மேசை மேசையாக நடந்து, கேட்டவருக்குக் கேட்டதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சர்மிளா திரையில் தன் தோட்டத்தைத் தேடினாள். தொழிற்சாலை பெயரோடு இருந்தது. துரை பங்களாவும் இருந்தது. நூற்றிருபது குடும்பங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் நான்கு லயங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சை.

"சேர், எங்க லயம் ஒண்ணையும் காணோமே?"

"ஒருத்தரும் வெக்கல்ல, அதான் இல்ல" என்றார் ஹஸீப். "நீங்க போய் அந்த எடத்தில நின்டு போன அமத்துங்க டீச்சர். புள்ளி விழும்."

பயிற்சி முடிந்த கையோடு வேலையும் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு படம் செய்து, போட்டிக் கண்காட்சிக்கு அனுப்பவேண்டும். சர்மிளா தண்ணீரை எடுத்துக்கொண்டாள். லயத்துப் பிள்ளைகளுக்கு அதைப்பற்றித் தனியாகப் பாடம் நடத்தவேண்டியதில்லை.

தரம் பத்தின் பதினாலு பிள்ளைகளும் மூன்று கைபேசிகளோடு பொதுக் குழாய்களைத் தேடிப் பீலி பீலியாகப் போனார்கள். எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய், எத்தனை மணிநேரம் தண்ணீர், வாசலிலிருந்து எத்தனை மீற்றர் என்று குறித்தார்கள். கீழ் லயத்துக்கு வந்தபோது குறிக்க ஒன்றுமில்லை. பத்தொன்பது வீடுகள், பீலி கிடையாது. அறுநூறு மீற்றர் தள்ளி, பள்ளத்தில் ஓடை. படத்தில் பீலி உள்ள மூன்று லயத்துக்கும் நீலம் விழுந்தது, கீழ் லயத்துக்குச் சிவப்பு.

சர்மிளா அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருடம். கீழ் லயத்து இலட்சுமி கொழுந்துக்குப் போகுமுன் குடத்தோடு ஓடையிலிருந்து ஏறி வருவதைத் தினமும் பார்த்திருக்கிறாள். அந்த நேரத்தில் வாசல் குழாயில் டியூபை மாட்டி ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டு, "இன்னைக்கு வெள்ளனவேவா அக்கா?" என்று விசாரித்தும் இருக்கிறாள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வந்த நாளில்தான் அது அவளைச் சுட்டது.

"கீழ் லயத்துக்குத் தண்ணி ஏறாது, பிரெஷர் பத்தாது" என்பதுதான் பன்னிரண்டு வருடமாகக் கோவில் சபை சொல்லிவந்த காரணம். ஹஸீப் படிப்பித்தபடி பிள்ளைகள் உயரத்தையும் பார்த்தார்கள். கோவிலடித் தண்ணீர்த் தாங்கியைவிடக் கீழ் லயம் நாற்பத்தொரு மீற்றர் பள்ளத்தில் இருந்தது.

இலட்சுமியின் மகள் பூங்கொடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், தண்ணி எறங்கத்தானே வேணும்? எதுக்கு ஏறணும்?"

வகுப்பு சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தாங்கியிலிருந்துதான் சுவாமி அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுப்பார்கள். அதில் பொருத்திய குழாய் கீழ் லயத்து வாசலுக்குப் போகக்கூடாது. சாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்தப் பக்கத்து ஆளுங்க" என்பார்கள், அவ்வளவுதான். தாங்கி கட்ட மண் சுமந்தபோது அந்தப் பக்கத்து ஆட்களும் சுமந்தார்கள்.

மாமனார் ஏசிய அன்றே பாடசாலையில் அதிபர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், செவப்பு வேணாங்கிறாங்க. பொய் சொல்ல உங்களுக்கும் மனசில்ல. ஒரு வழி இருக்கு. கீழ் லயத்தையே வெட்டி விட்டுடுங்க. மிச்சம் பூரா நீலம். நூறு வீதம்! பாக்கவும் லட்சணமா இருக்கும்."

"அங்க பத்தொன்பது குடும்பம் இருக்கு சேர்."

"இருக்கட்டுமே, யாரு இல்லேன்னா? படத்துலதான் இல்ல."

"என் கையால வெட்டமாட்டேன்."

அதிபர் பெருமூச்சு விட்டார். "சரி, கோவப்படாதீங்க. ஃபைல எனக்கு அனுப்புங்க. அச்சடிக்க நானே குடுக்குறேன்." சர்மிளா படத்தை இருந்தபடியே அனுப்பிவைத்தாள்.

சாயங்காலம் கணவன் விஜேந்திரன் தம்புள்ளையிலிருந்து போனில் பேசினான். மரக்கறி லொறி ஓட்டுபவன், வாரத்துக்கொருமுறை வீட்டுக்கு வருவான்.

"அப்பா ஏசுறாரு. ஏன் சர்மி வம்பு? நாலு பேரு மாதிரி நீயும் மரம், மலைன்னு எதையாவது போட்டுட்டுப் போயேன்."

"ஒங்கப்பா சொல்றது சரியா?"

"சரின்னு நான் சொல்லல..." என்றவன், லோட் ஏற்றக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான்.

மாத்தளையில் கண்காட்சி. மண்டபத்துக்குள் நுழைந்த பிள்ளைகள் தங்கள் படத்தைத் தேடி ஓடினார்கள். பளபளவென்று லேமினேட் செய்து, ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'எமது தோட்டம் – நூறு வீதம் குடிநீர்'. கீழே சர்மிளாவின் பெயரும் பதினாலு பிள்ளைகளின் பெயர்களும். பூங்கொடியின் பெயரும் அதில் இருந்தது. மூன்றாவது லயத்தோடு படம் முடிந்து, அதற்குக் கீழே வெள்ளை ஓரம்தான்.

பூங்கொடி கோவிலில் விரலை வைத்து, பாதையோடு இழுத்துக்கொண்டே வந்தாள். விரல் சட்டத்தின் கோட்டில் முட்டி நின்றது.

"டீச்சர், எங்க வீடு எங்க?"

சர்மிளா திரும்பினாள். அதிபர் கைபேசியைத் துருவிக்கொண்டிருந்தார். முன்வரிசையில், வெள்ளை வேட்டியில், சங்கச் செயலாளராக மாடசாமி உட்கார்ந்திருந்தார். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.

வரவேற்பு மேசையிலிருந்த சிவப்பு மார்க்கரையும் அடிமட்ட அளவுகோலையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பூங்கொடி, கோவில்லேருந்து ஒங்க லயம் எத்தன மீற்றர்?"

"முன்னூத்தி நாப்பது டீச்சர்."

"தெக்கா, கிழக்கா?"

"தென்கிழக்கு."

அளவுத்திட்டத்தைப் பார்த்து, கணக்கிட்டு, அடிமட்டத்தை வைத்தாள். இடம் சட்டத்துக்கு வெளியே, வெள்ளை ஓரத்தில் விழுந்தது. அங்கே புள்ளியை வைத்து, பக்கத்தில் 'கீழ் லயம், 19 வீடு, பீலி இல்லை' என்று எழுதினாள். தலைப்பிலிருந்த 'நூறு வீதம்' என்பதையும் ஒரே கோட்டில் வெட்டினாள்.

"டீச்சர், அது லேமினேட் பண்ணது!" அதிபர் பதறினார்.

மாடசாமி எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "என்னா பண்ற நீ? அத்தன பேரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே மாமா கண்காட்சி வச்சிருக்காங்க."

ஆறு வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல்தடவை. மார்க்கரை மூட இரண்டுதரம் முயலவேண்டியிருந்தது.

நடுவர்கள் வந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பூங்கொடி பதில் சொன்னாள். தாங்கியின் உயரம், லயத்தின் உயரம், ஓடைக்கு அம்மா நடக்கும் தூரம். அதிகாரி ஒருவர் கேட்டுவிட்டு, "தண்ணி விஷயம் எங்க திணைக்களத்துப் பொறுப்புல வராதும்மா" என்றார். கூட வந்த ஹஸீப் படத்தருகே குனிந்து, அடிமட்டத்தை வாங்கி, தானும் ஒருமுறை அளந்தார். "புள்ளி சரியான எடத்துலதான் இரிக்கி சேர்" என்றார்.

அதன்பின் மாடசாமி வீட்டில் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கீழ் லயத்துக்குப் பீலியும் வரவில்லை. இலட்சுமி ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்று, "எங்களால ஒனக்கு ஏம்மா பொல்லாப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, நடுவர்கள் புள்ளி போட்ட போட்டி முடிவுத் தாள் வந்தது. அதிபர் அதை அவள் மேசையில் வைத்துவிட்டு, நிற்காமல் போனார். சர்மிளா வகுப்புக்கு எடுத்துப்போய்ப் பூங்கொடியிடம் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னாள். பூங்கொடி எழுந்து நின்று, எழுத்துக்கூட்டாமல், தெளிவாக வாசித்தாள்.

"தரவுகளின் துல்லியம், முழுப் புள்ளிகள். படத்தின் சட்டத்துக்கு வெளியே கையால் ஒரு புள்ளி இட்டமைக்காக, ஐந்து புள்ளிகள் குறைக்கப்பட்டன."