பின்மண்டையில் சிரித்த கரடிகள்

எங்கள் பொம்மைத் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அன்றைக்கு வேலையில் எங்கே கோட்டை விட்டோம் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாதவர் பத்துப் பேருடைய டிபன் பாக்ஸையும் கழுவ வேண்டும். முதலாளி ஒருமுறை வெளியிலிருந்து ஆளை வரவழைத்து, சுவரில் சார்ட் ஒட்டித் தொழில் பாடம் நடத்த வைத்தார். கண்ணைத் திறந்துகொண்டு தூங்கலாம் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

நான் ஹெட் டெய்லர். மாஸ்டர் என்றால் நான்தான். ஆறு வருடமாக நான்தான் கழுவுகிறேன். ஏனென்றால் எனக்குத் தப்பு வராது; வந்தாலும் வெளியே வராது. கடைசி வாய் உள்ளே போனதும், "நம்மகிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்று எழுந்து, டப்பாக்களை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவேன். என் கொழுந்தியாளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். "வீட்ல ஒரு டம்ளராவது கழுவியிருக்கீங்களா மாமா?" என்று கேட்பாள். கௌரவம் என்றால் சும்மாவா வரும்?

மூன்று மாதம் முன்பு ஸ்கிரீன் வைத்த எம்பிராய்டரி மிஷின் வந்தது. மூக்கு, வாயெல்லாம் அதுவே தைத்துவிடும். ஒரே வாரத்தில் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கேட்கலாம்தான், ஆனால் மாஸ்டர் போய்க் கேட்பதா? கொழுந்தியாள் ஓட்டினாள், நான் பக்கத்தில் நின்று எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

போன வியாழக்கிழமை அவள் பல் பிடுங்கப் போய்விட்டாள். நாலு மணி லாரிக்கு நாற்பது கரடி போயாக வேண்டும். "இந்தத் தடவையும் லேட்டானா நான் வேற மாஸ்டரைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். மிஷினில் நானே துணியை மாட்டினேன், ஓட்டினேன், தலையையும் உடம்பையும் சேர்த்துத் தைத்தேன். பொம்மையை உள்பக்கம் வெளியே இருக்கும்படிதான் தைப்போம். பன்னிரண்டரைக்குத்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நாற்பது கரடிக்கும் வாய் பின்மண்டையில் சிரித்தது.

புதிதாகத் தைக்க ஒரு சாண் துணிகூட மிச்சமில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். டப்பாக்களை எடுக்க எழுந்தவன் திரும்ப உட்கார்ந்தேன்.

"நான் கோட்டை விட்டுட்டேன்பா" என்று ஒரு கரடியைத் தூக்கிக் காட்டினேன்.

துணி வெட்டும் கட்டிங்காரர் கையில் இருந்த கவளம் பாதி வழியில் நின்றது. அப்போதுதான் உள்ளே வந்த கொழுந்தியாள் சிரித்தாள், உடனே "ஐயோ பல்லு" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பியும் விட்டாள்.

பட்டன் கண் தைப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் கண் டாக்டர். அவர் கரடியை வாங்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா மாஸ்டர்? கழுத்துத் தையலைப் பிரிச்சுடுங்க. தலையை அரைச் சுத்து திருப்பித் தைங்க. நான்தான் இன்னும் கண்ணு வைக்கலையே. முன்மண்டையும் பின்மண்டையும் ஒரே அளவுதானே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மிஷின் வந்த முதல் வாரமே பன்னெண்டு முயலுக்கு நானும் இதே கூத்தைத்தான் பண்ணேன். இங்க உக்காந்து விலாவாரியா சொன்னேனே."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே!"

"நீங்க குழாயடியில இருந்தீங்க மாஸ்டர்."

சுருக்கென்றது. ஆறு வருடமாக இவர்கள் தினமும் அரை மணி நேரம் தொழில் படித்திருக்கிறார்கள். நான் டப்பாவுக்குப் பளபளப்பு ஏற்றியிருக்கிறேன். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. அதற்குள் பத்துப் பேரும் ஆளுக்கு நாலு கரடியை எடுத்துக்கொண்டு கழுத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். லாரி நேரத்துக்குக் கிளம்பியது. கரடிகளும் முன்பக்கமாகச் சிரித்துக்கொண்டே ஏறிப் போயின.

"இத்தனை வருஷமா வேற என்னென்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

கட்டிங்காரர் விரல் விட்டு எண்ணினார். பத்தும் போதாமல் பக்கத்து ஆளின் கையைப் பிடித்தார்.

"முதல்ல இதைக் கேளுங்க மாமா" என்றாள் கொழுந்தியாள். "எந்தத் துணியை மாட்டணும்னு ஸ்கிரீன் ஓரத்துல ஒரு படம் வருமே, பாத்திருக்கீங்களா?"

"அது அழகுக்கு வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. கட்டிங்காரர் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மாஸ்டர், நேரமாகும்."